ஆங்கிலம் பேச வைக்கும் வகுப்பறைக் கணக்கெடுப்பு

ஆங்கிலம் பேசத் தொடங்குவோருக்கு முதல் தேவை, வாய் திறக்க ஒரு வாய்ப்பு. 45 நிமிட வகுப்பில் 40 மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டு விடைகளைக் குறிக்கும் கணக்கெடுப்பிலோ எல்லோரும் இருவர் இருவராக ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். "டூ யூ லைக் டீ?" என்று எட்டுப் பேரிடம் கேட்டால், ஒரே வாக்கியம் எட்டு முறை நாவில் பழகுகிறது. பதில் முன்பே தெரியாததால் சலிப்பும் வருவதில்லை. கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, கற்பவர் பேசியும் ஆக வேண்டும் என்று மொழியியலாளர் மெரில் ஸ்வெயினும் 1985-இல் வாதிட்டார்.

கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். கேள்வியையும் "யெஸ், ஐ டூ", "நோ, ஐ டோன்ட்" என்ற பதில்களையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பே சேர்ந்து சொல்லிப் பழகட்டும். பிறகு கட்டம் போட்ட தாளுடன் எழுந்து நடந்து கேட்கட்டும். முடிவில் "ஃபைவ் ஸ்டூடன்ட்ஸ் லைக் டீ" என ஒவ்வொருவரும் அறிவிப்பது அவசியம். சேகரித்த தகவலுக்குப் பயன் இருந்தால்தான் அக்கறையுடன் கேட்பார்கள்.

சத்தம் வரும் என்பது உண்மை. ஆனால் பேச்சுப் பயிற்சியில் அமைதிதான் கவலைக்குரியது. பிழைகள் பதிந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்காக இடையில் குறுக்கிடாமல், கேட்ட பிழைகளைக் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் கடைசியில் திருத்துங்கள். தமிழில் கேட்டுவிட்டு விடையை மட்டும் குறிப்பவர்கள் இருந்தால், கேள்வி இன்னும் வாயில் படியவில்லை என்று பொருள். அவர்களுக்குத் தேவை கூடுதல் ஒத்திகையே, கண்டிப்பு அல்ல.