எறிகிறவனை எடைபோடுமுன்

கல்லடிப் பிள்ளைகளுக்கு,

உப்போடையிலும் நாவலடியிலும் டச்பாரிலும் பின்னேரங்களில் பந்து விளையாடுகிற நீங்கள், இரவில் கைத்தொலைபேசியில் அமெரிக்கன் ஃபுட்போலும் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும். அந்த ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் மட்டக்களப்பின் கதையை மறந்துவிட்டார்கள். 1940களின் பிற்பகுதியில் இங்கே வந்து பள்ளிக்கூடங்களிலும் மைதானங்களிலும் தங்கள் ஆயுளைக் கழித்த இயேசு சபைக் குருமார், நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த அமெரிக்கர்கள். வெபர் மைதானம் என்கிறோமே, அந்த ஹரோல்ட் வெபர் அடிகளார் அவர்களில் ஒருவர். புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார் இன்னொருவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர், கூட வந்த தமிழ்ப் பையனோடு காணாமற்போனார். அந்தக் குருமாரின் ஊர் அணியான நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸை நான் என் அணியாக வைத்திருப்பது அந்த நன்றிக்காக.

நீங்கள் பேசுவதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குகளில் எவன் பெரியவன், எவனுக்கு எத்தனை மில்லியன் கொடுக்கலாம் என்று சண்டை போடுகிறீர்கள். போடுங்கள். ஆனால் ஒரு ஆட்டக்காரனை எடைபோடுகிற முறை தெரிந்து போடுங்கள். எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். நம்முடைய உதைபந்தாட்டத்துக்கும் இவை பொருந்தும்.

1. வீதத்தை முதலில் பார்க்க வேண்டாம்.

குவாட்டர்பேக் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு எத்தனை பிடிபட்டன என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் சண்டை பெரும்பாலும் அதிலேயே தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டு மினசோட்டா அணிக்கு ஆடிய சாம் பிராட்ஃபோர்ட் 71.6 வீதம் எறிந்தார். அதுவரை ஒரு பருவகாலத்தில் எவரும் எட்டாத சாதனை அது. அவருடைய அணியோ 16 ஆட்டங்களில் 8 வென்று 8 தோற்று, இறுதிச் சுற்றுக்குள் நுழையாமலே வீடு திரும்பியது. காரணம் மறைவானதல்ல. பக்கத்தில் நிற்கிறவனுக்கு நாலு யார், ஐந்து யார் என்று கொடுத்துக்கொண்டிருந்தால் பந்து பிடிபடும், வீதமும் ஏறும். ஆனால் அந்த ஆட்டத்தில் நாலு முயற்சிக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். மூன்றாம் முயற்சியில் எட்டு யார் தேவைப்படும்போது நாலு யாருக்குக் கொடுத்த பந்து, கணக்கில் வெற்றி, களத்தில் தோல்வி. (பிராட்ஃபோர்டை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. அந்த அணியின் காப்பு வரிசை கிழிந்துபோயிருந்தது. தூர எறிய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.)

நம் ஆட்டத்திலும் இதே கதைதான். பந்துப் பரிமாற்ற வீதத்தில் மேலே நிற்பவர்களில் மத்திய பின்கள வீரர்கள் நிறையப் பேர். தங்களுக்குள்ளே குறுக்கே தட்டிக்கொண்டிருப்பதில் பிழைவிட என்ன இருக்கிறது? எதிராளிகள் இருவருக்கு நடுவால் முன்னே நுழைக்கப் பார்க்கிறவனுக்குப் பத்தில் மூன்று பிசகும். அந்த மூன்றுக்காக அவனைத் திட்டினால், அடுத்த ஆட்டத்திலிருந்து அவனும் குறுக்கே தட்டுவான். பிறகு கோல் எங்கிருந்து வரும்?

2. பந்து போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

பாலத்தடியில் வீச்சுவலை எறிகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மீன் துள்ளிய இடத்துக்கு அவர் எறிவதில்லை. அது போகப்போகிற இடத்தில் வலை விரிந்து விழுகிறது. துல்லியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஓடுகிறவனின் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் பந்து வந்தால், அவன் வேகம் குறையாமல் பிடித்துக்கொண்டு இன்னும் இருபது யார் ஓடுவான். அதே பந்து அவன் முதுகுப் பக்கம் வந்தால் திரும்பி நின்று பிடிக்க வேண்டும், பிடித்த கணத்தில் ஆள் விழுந்துவிடும். இரண்டுக்கும் வீதக் கணக்கில் ஒரே மதிப்பு. எதிராளி இடது பக்கம் ஒட்டி ஓடுகிறான் என்றால் பந்து வலது தோளுக்கு வரவேண்டும். பிடிக்கிறவன் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டப்போகிறான் என்றால் தாழ்வாக, அவன் குனிந்து பிடிக்கிற மாதிரி வரவேண்டும். அப்போதுதான் அவன் விலா எலும்பு தப்பும். நல்ல குவாட்டர்பேக் தன் ஆட்களின் உடம்பையும் காப்பாற்றுகிறவன்.

ஜெர்மனியின் டோனி குரூஸ் காலால் இதைச் செய்தார். 2024 ஏப்ரல் 30ஆம் திகதி மியூனிக்கில் நடந்த சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். நடுக்களத்தில் பந்தோடு நிற்கிறார், சக வீரர் வினீசியஸ் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கையால் காட்டுகிறார், பிறகு அந்த இடைவெளிக்குள் பந்தை விடுகிறார். வினீசியஸ் ஓடி வந்து கோல் போட்டார். அந்த இடத்தில் ஆளே இல்லாதபோது பந்து புறப்பட்டுவிட்டது. பத்துத் தரம் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மனே. அவருடைய பாதத்தை விட்டுவிட்டு, பந்து வருவதற்கு முன்னால் அவர் தலை எத்தனை தரம் திரும்புகிறது என்று கவனியுங்கள்.

3. கை பலத்தைக் கண்டு வாய் பிளக்க வேண்டாம்.

புதிய ஆட்டக்காரரை அணிகள் முறைவைத்து எடுக்கிற தெரிவில், 2007ஆம் ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜமார்கஸ் ரசல். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். கைப்பலத்தில் அவருக்கு நிகரில்லை என்றார்கள். ஒப்பந்தத் தொகை 60 மில்லியன் டொலருக்கு மேல். மூன்று பருவகாலத்தில் எல்லாம் முடிந்தது.

4. உயரத்தை அளக்கிறவனின் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையை ஒதுக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, இது என் அணியின் கதை. ட்ரூ பிரீஸின் உயரம் ஆறடி. நமக்கு அது நெடுவல். அங்கே, ஆறடி ஐந்து அங்குலத்தில் மலை போல் நிற்கிற முன்வரிசைக்குப் பின்னால், அது குட்டை. 2001ஆம் ஆண்டுத் தெரிவில் முதற்சுற்று முழுவதும் அவரைத் தாண்டிப் போனது. 32ஆவது ஆளாகத்தான் சான் டியேகோ அணி எடுத்தது. 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் எறிகிற தோளே கிழிந்தது. மயாமி அணி அவரை எடுக்கப் பார்த்தது. வைத்தியர்கள் தோளைச் சோதித்துத் தயங்கினார்கள், அணியும் பின்வாங்கியது. கையை நீட்டியது நியூ ஓர்லியன்ஸ்.

அந்த நகரம் அப்போது இருந்த நிலை நமக்குச் சொல்லாமலே விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடியையும் நாவலடியையும் கடல் எடுத்தது. எட்டு மாதம் கழித்து, 2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா புயலில் நியூ ஓர்லியன்ஸ் மூழ்கியது. வீடிழந்தவர்கள் அடைக்கலம் தேடிய மைதானமே சேதமாகி ஓராண்டு மூடிக் கிடந்தது. அங்கேதான் தோள் தைத்த மனிதன் 2006ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார். நாலாவது பருவகாலத்தின் முடிவில், 2010 பெப்ரவரி 7ஆம் திகதி, லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலை செயின்ட்ஸ் 31க்கு 17 என்று வென்றது. பிரீஸ் எறிந்த 39 பந்தில் 32 பிடிபட்டன. அந்த இறுதியாட்டம் நடந்தது, அவரை வேண்டாம் என்ற மயாமி அணியின் சொந்த மைதானத்தில். பிறகு 2018இல் 74.4 வீதம் எறிந்தார். முதலாம் அறிவுரையில் வீதத்தைச் சாடிவிட்டு இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்த வருடம் அவர் குறுக்கே தட்டிக்கொண்டிருக்கவில்லை. அணி 13 ஆட்டங்களில் வென்றது. வீதமும் வெற்றியும் சேர்ந்து வரும்போது வீதத்தை நம்பலாம்.

மைதானத்தில் நான் பார்க்கிறேன், தேர்வு நாளில் நெடுவல்களை ஒரு பக்கம் நிறுத்தி, குட்டையான பிள்ளைகளைப் பெயர் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள். எந்த அணி என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. பந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

5. துல்லியம் பிறவியில் வருவது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பஃபலோ அணியின் ஜோஷ் அலன் முதலாம் ஆண்டு, 2018இல், 52.8 வீதம். அடுத்த ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டு 69.2. கைக்குப் புத்தி சொன்னால் போதாது, காலைத் திருத்த வேண்டும் என்று கண்டு உழைத்தார். எறியும்போது முன்கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்பதில்தான் பாதித் துல்லியம் இருக்கிறது. உதைக்கிறவனுக்கும் இது பொருந்தும். உதைக்காத காலை எங்கே ஊன்றுகிறீர்களோ, பந்து அந்தப் பக்கம் போகும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2020இல் ஸ்டெஃபன் டிக்ஸ் என்ற அருமையான பிடிகாரர் அந்த அணிக்கு வந்தார். எறிகிறவனின் வீதத்தில் பிடிக்கிறவனின் கையும் இருக்கிறது. இதை மறந்து யாருக்கும் மாலை போடாதீர்கள்.

6. விலை வேறு, பெறுமதி வேறு.

அமெரிக்க லீக்கில் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்க ஒரு உச்ச வரம்பு உண்டு. 2024இல் அது 255.4 மில்லியன் டொலர். அதே ஆண்டு டலஸ் அணி டாக் பிரெஸ்கொட்டுக்கு வருடத்துக்கு 60 மில்லியன் வீதம் ஒப்பந்தம் எழுதியது. ஒரே ஆளுக்கு அவ்வளவு போனால், அவரைக் காக்கிறவர்களுக்கும் அவர் எறிவதைப் பிடிக்கிறவர்களுக்கும் எவ்வளவு மிஞ்சும்? ஆகவே 'இவன் நல்லவனா' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். இந்தக் காசுக்கு நல்லவனா, இந்தக் காசைக் கொடுத்த பிறகு மற்றவர்களை எதைக் கொண்டு எடுப்பது என்பது மற்றப் பாதி.

புரொக் பேர்டியைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டுத் தெரிவில் 262ஆவது, ஆகக் கடைசி ஆள். 2023ஆம் பருவகாலத்தில் அவருடைய சம்பளம் ஒரு மில்லியன் டொலரைத் தொடவில்லை. அவரை வைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ சூப்பர் போல் வரை போய், மேலதிக நேரத்தில் 25க்கு 22 என்று தோற்றது. மிஞ்சிய காசில் சுற்றிலும் சிறந்த ஆட்களை நிறுத்த முடிந்ததால் வந்த பலம் அது. 2025இல் அவருக்கு ஐந்து வருடத்துக்கு 265 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். ஆள் அதே ஆள்தான். ஆனால் அணிக்கு அவர் தருகிற பெறுமதி இனி வேறு கணக்கு. என் தீர்ப்பைக் கேட்டால், ரசலைவிட பேர்டி பெரிய குவாட்டர்பேக், ஆனால் மலிவாக இருந்த பேர்டியே அவருடைய அணிக்குக் கிடைத்த பெரிய செல்வம்.

7. கோல் போட்டவனுக்கே எல்லாக் கிண்ணத்தையும் கொடுக்காதீர்கள்.

நமது சுற்றுப்போட்டிகளில் கோல் போட்டவனுக்கு ஒரு கிண்ணம், சிறந்த காப்பாளனுக்கு ஒரு கிண்ணம். நடுவில் நின்று அந்தக் கோலுக்கு வழி திறந்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான். ஆட்டம் நடத்துகிற அண்ணன்மார் ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து ஒரு பிள்ளையை வரம்போரம் உட்கார வையுங்கள். முன்னே போன பந்து எத்தனை, அதில் ஓட்டம் நிற்காமல் வாங்கப்பட்டது எத்தனை. இரண்டே நிரல் போதும். பத்து ஆட்டம் எழுதினால் யாருக்குக் கிண்ணம் என்பதில் சண்டை வராது.

8. கடற்கரையில் எறிந்து பழகுகிறவர்கள் காற்றோடு சண்டை பிடிக்க வேண்டாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் உயர எறிந்த பந்து கடல் பக்கம் இழுபடும். தாழ்வாகவும் இறுக்கமாகவும் எறியுங்கள். விடியற்காலையில் காற்று எழும்ப முன் பழகுவது இன்னும் நல்லது.

9. மகள்மாரே, இது உங்களுக்கு.

2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொடி ஃபுட்போல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளைப் பிடித்து விழுத்துவது இல்லை. இடுப்பில் தொங்குகிற கொடியைப் பிடுங்கினால் ஆள் நிற்க வேண்டும். தலைக்கவசமும் வேண்டாம், தோள் கவசமும் வேண்டாம். இரு முனைகளிலும் உள்ள பத்துப் பத்து யார் கோல் பகுதியையும் சேர்த்து 70 யார் நீளமும் 25 யார் அகலமும் உள்ள இடம் போதும். உடல் பருமனுக்கு அங்கே வேலை குறைவு, துல்லியத்துக்குத்தான் வேலை. கூடைப்பந்து ஆடிப் பழகிய கையும் வலைப்பந்து ஆடிப் பழகிய கண்ணும் மட்டக்களப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஏற்கனவே இருக்கின்றன. ஒரு பந்தும் பத்துத் துண்டுத் துணியும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். பத்துப் பேர் சேர்ந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வரம்போரம் கொப்பியோடு உட்கார நான் வருகிறேன்.