குடல் நோயாளியின் துயரமும் தொழுகையும்

 

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையொன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னருகே வந்தமர்ந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். மூன்று மாதங்களாக ரத்தமும் சளியுமாகப் பேதி. பட்டணத்து மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றும், அதற்கு 'அல்சரேடிவ் கொலைடிஸ்' என்று பெயரென்றும் சொல்லியிருக்கிறார்கள். அடங்கியிருக்கும், மறுபடி கிளம்பும், மருந்தை மட்டும் விடக்கூடாது என்று கூறி அனுப்பிவிட்டார்கள். "ஆயுசுக்கும்னு சொல்லிட்டாங்க ஹஜ்ரத்" என்றார். கண்கள் கலங்கின.

நோய் பாவங்களைப் போக்கும் என்ற நபிமொழியை உடனே எடுத்துச் சொன்னேன். "பொறுமையா இருங்க பாய், முஃமின் கலங்கலாமா?" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன்பின் ஏழெட்டு ஜும்ஆக்களில் அவரைக் காணவில்லை.

வீடு தேடிச் சென்றபோதுதான் விஷயம் விளங்கிற்று. நான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னதை அவர் தம்மீது வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய நோய் வர அத்தனை பெரிய பாவம் என்ன செய்தோம், அழுகை வருகிறதே, ஈமான் பழுதாகிவிட்டதோ என்று இரவெல்லாம் புழுங்கியிருக்கிறார். இன்னொன்றையும் வெட்கத்தோடு சொன்னார்: "ஸஃப்புல நிக்கிறப்ப வந்துட்டா என்ன பண்றது ஹஜ்ரத்? அசுத்தமானவன் பள்ளிக்குள்ள ஏன் வரணும்னு நின்னுட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் நாவைத்தான் நொந்துகொண்டேன். நான் சொன்ன ஹதீஸ் சரிதான். ஆனால் பாதியைத்தான் சொன்னேன். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த நபிமொழியில் நோயும் களைப்பும் மட்டுமா கூறப்படுகின்றன? கவலை, துக்கம், மனவேதனை ஆகியவையும் அதே வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. காலில் தைக்கும் முள்வரை கணக்கில் வருகிறது. அப்படியாயின் நோயாளியின் துயரம் அவருடைய நற்கூலியைக் கெடுக்கும் குற்றமன்று. அத்துயரமே குற்றங்களுக்குப் பரிகாரமாக எழுதப்படுகிறது. மேலும் பாவம் போக்கும் என்பது வேறு, பாவத்தால் வந்தது என்பது வேறு. ஹழ்ரத் அய்யூப் (அலை) அவர்கள் நபி. அவர்களுக்கு வந்தது எந்தப் பாவத்தின் தண்டனை? ஹழ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் அழுதழுது கண் வெளுத்ததைத் திருமறை 12ஆம் அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலாவே எடுத்துரைக்கிறான். அவர்கள் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். அழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு ஸஹாபியின் வரலாற்றை நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டும். ஹழ்ரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கைபர் ஆண்டில், ஹிஜ்ரி 7இல் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் மார்க்கம் போதிக்க இவர்களை பஸராவுக்கு அனுப்பினார்கள். மூல நோயும், அத்துடன் தீராத வயிற்று நோயும் இவர்களை வாட்டின. வயிற்று நோய் முப்பது ஆண்டுகள் நீடித்தது என்பர் வரலாற்றாசிரியர்கள். நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சட்டம் இருக்கிறதே, அது இவர்கள் தமது நோயைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதால் நமக்குக் கிடைத்தது. இன்று எத்தனை பள்ளிவாசல்களில் முதியவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள்! அவர்களுக்கெல்லாம் வழி திறந்துவிட்டது ஒரு நோயாளியின் கேள்வி.

நோயின் வேதனை பொறுக்காமல், அக்காலத்து வைத்தியமான சூடுபோடுதலையும் அவர்கள் செய்துகொண்டார்கள். நபியவர்கள் அதைத் தடுத்திருந்தார்கள் என்பதை அறிந்தும் செய்தோம், பலனும் இல்லை என்று பின்னர் தாமே வருந்திச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவர்களுக்கு வானவர்களின் ஸலாம் வந்துகொண்டிருந்தது. சூடு போட்டபோது நின்றது. அதை விட்டபின் மீண்டும் வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. இதை ஓதும்போது பலர் கராமத்தை மட்டும் பார்த்து வியப்பார்கள். என் மனம் வேறோரிடத்தில் நிற்கிறது. முப்பதாண்டு பொறுத்த ஸஹாபியும் வலியில் ஒருநாள் தளர்ந்தார்கள். தளர்ந்தவரை அல்லாஹ் கைவிட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 52இல் பஸராவில் வஃபாத்தானார்கள்.

இனி அச்சகோதரரின் இரண்டாவது கேள்வி. நோயாளி அசுத்தமானவர் அல்லர். வெளியேறும் பொருள்தான் அசுத்தம். உடலும் உடையும் கழுவப்பட்டு உளூ இருந்தால் அவர் மற்றவரைப் போன்றவரே. மலஜல உபாதையை அடக்கிக்கொண்டு தொழுவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே ஜமாஅத்தின் நடுவில் வயிறு முடுக்கினால் தொழுகையை விட்டு வெளியேறுவதுதான் முறை. வாசலோரம் கடைசி ஸஃப்பில் நின்றுகொள்ளலாம். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராதிருக்க சலுகை உண்டு. வீட்டில் லுஹர் தொழுதுகொள்ள வேண்டும். சலுகையைத் தண்டனையாக எண்ணி, நலமான நாட்களிலும் வராமலிருப்பதுதான் தவறு.

கசிவு நிற்காதவரின் சட்டம் வேறு. ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும், உளூச் செய்து பர்ளைத் தொழுமளவு இடைவெளிகூடக் கிடைக்காதவர் ஹனஃபி மத்ஹபில் மஃதூர் ஆவார். பின்னர் வக்துக்கு ஒரு முறையேனும் அது காணும் வரை அந்நிலை நீடிக்கும். ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூ போதும். ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் கழுவி, துணி வைத்து, உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஓர் உளூவுக்கு ஒரு பர்ளுதான். அறுவை செய்து வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களும் இவ்வகையில் சேர்வர். பெரும்பாலான கொலைடிஸ் நோயாளிகளுக்கு இடைவெளி கிடைக்கும். அவர்கள் மஃதூர் அல்லர். ஐயமிருந்தால் தம் நிலையை விவரமாகச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். இதில் வெட்கம் கூடாது.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. இது தொற்று நோயன்று. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஓதிய தண்ணீர் கொடுப்பதில் பரக்கத் உண்டு, ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நன்றாயிருக்கிறதே என்று மற்ற மருந்துகளை விட்டாலும் நோய் திரும்பக்கூடும். இதன் இனத்தைச் சேர்ந்த 'கிரோன்' நோய் நம் நாட்டில் குடல் காசநோயைப் போலவே தோன்றுவதால், டாக்டர்கள் சிலவேளை முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள்; அதைக் கண்டு கலங்க வேண்டாம். தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் கிடந்தால் மனநல டாக்டரிடமும் காட்டுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

மூன்றாம் முறை நான் போனபோது அவர் நோயைப் பற்றி அழவில்லை. ரமளானைப் பற்றிக் கேட்டார். நோய் கிளம்பியிருந்தால் நோன்பை விட்டு, அடங்கியபின் களாச் செய்யலாம். குணமாகி நோற்கும் நம்பிக்கையே இல்லையென்று டாக்டர் சொன்னால்தான் ஃபித்யா என்றேன். "பின்பக்கம் வைக்கிற மருந்து ஒண்ணு குடுத்திருக்காங்க ஹஜ்ரத், அது நோன்ப முறிக்குமா?" என்றார். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் பகலில் வைத்தால் முறியும். இரவில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். படுக்கும்போது வைப்பதே நல்லது என்றார்.