மெய்ச்சார்பு

உயிர் ஒருகாலும் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பென்பது சித்தாந்தத் துணிபு. செம்மலரை அடுத்த பளிங்கு செந்நிறங் காட்டுமாறு, பாசத்தைச் சார்ந்த உயிர் பாசத்தின் வயமாயும், பதியைச் சார்ந்த உயிர் பதியின் வயமாயும் நிற்கும். இஃது உண்மையாயின், பிறர் நம்மை மதித்தல் வேண்டும் என்னும் அவா உயிரை எதனொடு சேர்க்கின்றது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

புகழின் மலர்ந்தும் இகழின் வாடியும் நிற்கும் உயிர், ஊரார் நாவின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டதாம். அந்நிறமோ நாடொறும் வேறுபடுவது. ஆதலின், ஆயிரவர் நடுவண் இருப்பினும் அவ்வுயிர்க்கு நிலையான இடமொன்று இல்லை. ‘இம்மதிப்பு எனது’ என எழும் அச்செருக்கு, யான் எனது என்னும் பற்றின் ஒரு கூறேயாகும்.

இதற்கு உமாபதி சிவாசாரியர் வரலாறு தக்க சான்றாம். தில்லைவாழந்தணருள் ஒருவராய்ச் சிவிகையும் பகற்பந்தமும் முதலிய சிறப்புக்களுடன் சென்ற அவர், மறைஞான சம்பந்தர் கூறிய ஒரு சொற்கேட்டு இறங்கிப் பின்தொடர்ந்தனர். நெசவாளர் இட்ட கூழை ஆசிரியர் உண்ண, அவர் கைவழி ஒழுகியதைத் தாம் பருகினர் என்ப. அதனால் தம் மரபினரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தனர். இழந்தது ஊரார் மதிப்பு. பெற்றது குருவின் திருவடி. சந்தானகுரவர் நால்வருள் ஒருவராக இன்று நாம் அவரை வணங்குவது இரண்டாவதனாலன்றோ!

அற்றேல், உலகரை வெறுத்து ஒதுங்குதலே நெறியோ எனின், அன்று. வெறுப்பும் ஒரு பற்றே. ‘பிறர் மதிப்பை வேண்டாதவன்’ என்று பிறர் மதித்தல் வேண்டும் என்னும் நுண்ணிய அவா அதனுள் மறைந்து நிற்கும். தில்லையிற் கொடி ஏறாது நின்றபோது, விலக்கினாரிடத்துப் பகை கொள்ளாது சென்று, கொடிக்கவி பாடி ஏற்றுவித்தார் உமாபதியார் என்பது வழிவழி வரும் வரலாறு. மதிப்பை வேண்டினார் நாணிப் பின்வாங்குவர், வெறுத்தார் நகைத்திருப்பர், அவரோ இரண்டுஞ் செய்திலர்.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமும் மலங்கழுவியதன்பின் அன்பரொடு கூடுதலையே விதிக்கின்றது. ஆண்டுக் கூட்டம் மதிப்பின் பொருட்டன்று. அவர்பால் இறைவன் விளங்குதலின் பொருட்டாம்.

அவையிற் பேசியும் ஏட்டில் எழுதியும் வரும் நாமும் இதற்கு விலக்கல்லேம். நம் உரையை ஒருவரும் பாராட்டாத அன்று நம் நெஞ்சம் எதனை நாடுகின்றது? அந்நாட்டமே நம் சார்பு இன்னதெனக் காட்டும். அதனை அறிந்து திருவடிக்கண் திருப்புவாமாக.

சிவம்.