சாமிக்கு வைக்கிற பூ எல்லாம் சட்டிக்கு ஆகுமா?



வாழைப்பூ வடை, முருங்கைப்பூ பொரியல், சித்திரை பிறந்தால் வேப்பம்பூ ரசம் என்று பூவைச் சமைப்பது நமக்குப் புதுசு இல்லை. செலவில்லாமல் கொல்லையிலேயே கிடைக்கிற காய்கறி இது. ஆனால் "பூதானே, என்ன செய்துவிடும்?" என்று எல்லாப் பூவையும் வாயில் போடக் கூடாதுங்க.

சமைக்கக் கூடிய பூக்கள்

* வாழைப்பூ: ஒவ்வொரு பூவிலும் நடுநரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் நீக்கி, மோரில் போட்டு வைத்தால் கறுக்காது.
* முருங்கைப்பூ, அகத்திப்பூ, வேப்பம்பூ: எறும்பு, பூச்சி போக உதறி அலசவும்.
* பூசணிப்பூ: அடியில் பிஞ்சு இருப்பது பெண் பூ. அதைப் பறித்தால் காய் போச்சு! ஆண் பூவை மட்டும் பறிக்கவும். காய் பிடிக்க அதிலும் சிலதைச் செடியிலேயே விடவும்.
* செம்பருத்தி: நடுத்தண்டும் பச்சைக் காம்பும் நீக்கி இதழை மட்டும் எடுக்கவும்.

தின்னவே கூடாத பூக்கள்

* அரளி (சிவப்பு, வெள்ளை, மஞ்சள்): பூ, இலை, விதை, வேர் எல்லாமே விஷம். வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. இதயத் துடிப்பையே கெடுக்கும்.
* ஊமத்தை: வாய் வறண்டு, புத்தி தடுமாறும்.
* செங்காந்தள்: நம் மாநிலப் பூதான். ஆனால் கிழங்கும் விதையும் கடும் விஷம்.
* எருக்கு: பால் கண்ணில் பட்டாலே ஆபத்து.

கேரளாவில் ஒரு இளம்பெண்ணின் சாவுக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அதன்பின் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்ப்பதை நிறுத்தியது. நம் ஊர்க் கோயிலிலும் பொங்கல், தீர்த்தத்தில் அரளி விழாமல் பார்த்துக்கொள்வோம்.

நினைவில் வைக்க

1. பேர் தெரியாத பூவைச் சமைக்காதீர்கள். ஆடு தின்கிறது, குருவி தின்கிறது என்று நம்பாதீர்கள்.
2. பூக்கடை ரோஜா, செவ்வந்தி தலைக்கும் மாலைக்கும்தான். மருந்து அடித்திருப்பார்கள்.
3. புதுப் பூவை முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும்.
4. மஞ்சள் அரளிக் காயைப் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். சொல்லி வையுங்கள்.

யாராவது தின்றுவிட்டால்?

சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புரையேறினால் அதுவே உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். சில விஷம் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

அங்கன்வாடி, பள்ளிக்கூடம் பக்கத்தில் அரளியோ ஊமத்தையோ இருக்கிறதா? அதை அகற்ற யாரிடம் சொல்லலாம்? பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.