பாக்கெட் ஹோல் இணைப்பு: எங்கே போடலாம், எங்கே கூடாது?

தச்சு வேலை கற்க நினைக்கும் நம் பிள்ளைகள் இப்போது செல்போனில் முதலில் பார்ப்பது பாக்கெட் ஹோல் இணைப்பைத்தான். ஒரு டிரில் மெஷின், ஒரு சிறிய ஜிக், ஒரு கிளாம்ப் இருந்தால் அலமாரிச் சட்டம் அன்றைக்கே நிமிர்ந்து நிற்கிறது. பல வருஷம் உளி பிடித்தவர் செய்வதை நாமும் செய்துவிடலாம் என்று தோன்றும். அது பாதி உண்மை.

முறை எளிது. ஒரு பலகையின் ஓரத்தில், உள்பக்கமாக, சுமார் 15 டிகிரி சாய்வில் துளை போடுகிறோம். துளையின் வாய் அகலம், நுனி குறுகல். அதன் வழியே திருகாணி புகுந்து அடுத்த பலகையை இழுத்துப் பிடிக்கிறது. ஃபெவிகால் தடவினாலும் அது காயும்வரை காத்திருக்க வேண்டாம், திருகே பிடித்துக்கொள்ளும். புதிதாகக் கடை போடுகிறவருக்கு இது பெரிய உதவி. பிளைவுட் அலமாரி, கிச்சன் கபோர்டின் முகப்புச் சட்டம், மதரஸாவில் கிதாபு வைக்கும் ஷெல்ஃப் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம்.

திருகில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜிப்சம் போர்டுக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூவின் தலை அடியில் கூம்பாக இருக்கும். அது ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளந்துவிடும். பாக்கெட் ஹோலுக்கு அடி தட்டையான தலை வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு ஒன்றேகால் அங்குல நீளம் சரி. பிளைவுட்டுக்கும் மென்மரத்துக்கும் அகன்ற மரை, கடின மரத்துக்கு நெருக்கமான மரை.

இனி, கூடாத இடங்கள். நாற்காலி, கட்டில், கதவு நிலை. நாற்காலியில் ஒருவர் பின்னால் சாயும்போதெல்லாம் காலும் சட்டமும் சேரும் மூலை நெம்பப்படுகிறது. பாரமெல்லாம் இரண்டு திருகின் மேல் விழுகிறது, துளை மெல்ல அகலமாகிறது, நாற்காலி ஆடத் தொடங்குகிறது. பழைய முறையில் ஒரு சட்டத்தில் உளியால் குழி எடுத்து, மற்றதன் முனையை நாக்காகச் சீவி உள்ளே இறக்குவார்கள். அங்கே மரமே மரத்தைத் தாங்குகிறது. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் கட்டிலுக்கு அந்த இணைப்போ, கட்டில் போல்ட்டோதான் ஏற்றது.

இன்னொரு சங்கதி, மரம் அசையும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அகலவாக்கில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அகலமான தேக்குப் பலகையை மேசைச் சட்டத்தோடு சாய்திருகால் இறுக்கிவிட்டால் அசைய இடமில்லாமல் வெடிக்கும். பிளைவுட்டில் இந்தத் தொல்லை இல்லை.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். நூருத்தீன் ஸங்கி ஹலப் நகரில் செய்வித்த மிம்பரை, 1187இல் பைத்துல் முகத்தஸ் மீண்ட பிறகு ஸலாஹுத்தீன் அய்யூபி கொண்டுவந்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைத்தார். ஆணியும் பசையும் இல்லாமல் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கோத்துச் செய்தது அது. ஒவ்வொரு துண்டும் சற்றே அசைய இடமிருந்ததால் நூற்றாண்டுகளின் வெயிலையும் குளிரையும் தாங்கியது. 1969 ஆகஸ்டில் ஒருவன் தீ வைத்ததில்தான் அழிந்தது. ஜோர்தானில் பல நாட்டுக் கைவினைஞர்கள் கூடி அதே கோப்பு முறையில் திரும்பச் செய்து, 2007இல் அங்கே வைத்தார்கள்.

விற்பனையில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாக்கெட் ஹோல் துளை உள்பக்கம் இருக்கும், மூடி வைத்து அடைத்து பாலிஷ் போட்டால் வாங்குகிறவர் கண்ணில் படாது. மேலே உலர்ந்த தானியத்தை வைத்து அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். மஞ்சள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் நம்மூரில் அதற்கு விளக்கமே வேண்டாம். பழைய இணைப்பு என்று சொல்லி அந்த விலை வாங்கிக்கொண்டு திருகு போட்டுக் கொடுப்பதும் அதே ஈரத் தானியம்தான். பில்லிலேயே "திருகு இணைப்பு" என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. அலமாரிக்கு அது குறையும் அல்ல.

வாங்குகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துச் சட்டத்தின் உள்பக்கம் பாருங்கள். நீள்வட்ட மூடி தெரிந்தால் அது பாக்கெட் ஹோல். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அலமாரியில் திருகு தளர்ந்திருந்தால், அதைக் கழற்றி, ஃபெவிகால் தோய்த்த தீக்குச்சிகளைத் துளையில் இறுக்கித் திணித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள்.