ஊழலும் நாட்டுப் பொருளாதாரமும் சுற்றுலாவும்



ஊழல் என்றதும் நம் நினைவுக்கு வருவது டெல்லியும் கோட்டையும் கோடிகளும்தான். "அதெல்லாம் பெரிய இடத்து விவகாரமுங்க, நமக்கென்ன?" என்று டீக்கடையில் பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ஆனால் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு ஊழல் என்பது தார், ஜல்லி, சிமெண்டுக் கணக்காகவே தெரிகிறது. அந்தக் கணக்கை உங்கள் முன் போட்டுக் காட்டவே இக்கட்டுரை.

ரசீது இல்லாத வரி

அரசுக்குக் கட்டும் வரிக்கு ரசீது உண்டு. அது பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ நமக்குத் திரும்பி வருகிறது. மாமூல் என்பது ரசீது இல்லாத வரி. இந்த வருடம் ஐநூறு, அடுத்த வருடம் இரண்டாயிரம். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நம் கிணத்துக்கடவு வட்டாரத்தில் ஒரு இளைஞர் தென்னை நார் மில் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் விலை தெரியும், கூலி தெரியும், பேங்க் வட்டி தெரியும். இந்த ஒரு செலவு மட்டும் தெரியாது. பயந்து போய் பணத்தை நிலத்திலோ நகையிலோ போட்டுவிடுகிறார். பத்துப் பேருக்குக் கிடைக்க வேண்டிய வேலை போகிறது. பாவ்லோ மௌரோ என்ற பொருளாதார அறிஞர் பல நாடுகளின் விவரங்களை ஒப்பிட்டு 1995ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: ஊழல் அதிகமுள்ள நாட்டில் முதலீடு குறைகிறது, முதலீடு குறைந்தால் வளர்ச்சியும் குறைகிறது.

ஒரு ரோட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு, பத்து லட்ச ரூபாயில் ஒரு ரோடு போடுகிறார்கள். ஒழுங்காகப் போட்டால் ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு லட்சம் கமிஷனாகப் போனால், காண்ட்ராக்டர் தன் லாபத்தையா குறைப்பார்? தாரைத்தான் குறைப்பார். ஐந்து சென்டிமீட்டர் கனம் மூன்றரை ஆகிவிடும். இரண்டு மழைக்காலத்தில் ரோடு பல்லிளித்துவிடும்.

இப்போது பத்து வருடக் கணக்கைப் பாருங்கள். நல்ல ரோட்டை இரண்டு தடவை போட்டால் போதும், செலவு 20 லட்சம். மட்டமான ரோட்டை ஐந்து தடவை போட வேண்டும், செலவு 50 லட்சம். கமிஷனாகப் போனது 10 லட்சம். மக்களுக்கு நஷ்டமோ 30 லட்சம்! திருடன் எடுத்தது ஒரு பங்கு, நாம் இழந்தது மூன்று பங்கு. வண்டிகளின் ரிப்பேர் செலவும், வீணான டீசலும் இதில் சேரவில்லை.

வாங்க வருகிறவன் நம் வீட்டைப் பார்க்கிறான்

நம் ஊர்ச் சந்தைத் தக்காளி கேரளாவுக்குப் போகிறது. அங்கே வாங்குபவர் தக்காளியை மட்டும்தான் பார்ப்பார். நம் ரோட்டையும் ஆபீசையும் பார்ப்பதில்லை. சுற்றுலா அப்படியல்ல. அங்கே வாங்குபவரே நம்மைத் தேடி வருகிறார். கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, டாப்சிலிப் போகிறவர்கள் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். குழி விழுந்த ரோடு, ரசீது தராத பார்க்கிங் வசூல், பூட்டிக் கிடக்கும் கழிப்பிடம் எல்லாம் அவர்கள் கண்ணில் படும். மனம் கசந்து போனவர் மறுபடி வருவாரா? அவர் வராவிட்டால் நஷ்டம் பெரிய ஓட்டல்காரருக்கு மட்டுமா? இளநீர்க்காரருக்கும், வேன் டிரைவருக்கும், மலையில் வழிகாட்டும் பழங்குடி இளைஞருக்கும்தான்.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

மலை நகரங்களில் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. சரிவான மண்ணும் சொற்பமான தண்ணீரும் அதற்குமேல் தாங்காது. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்ற ஓட்டல் அந்த வரம்பை மீறி ஏழு மாடியாக எழும்பியது. அதற்கு விலக்களித்து 1994ல் அரசாணை வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போனது. உயர்நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது, 1995ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதுவே பின்னர் ஊழல் வழக்காகவும் நடந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் தண்டனை அறிவித்த அன்றே நடந்த கலவரத்தில், தருமபுரி அருகே கல்விச் சுற்றுலா சென்ற பஸ் எரிக்கப்பட்டு, நம் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரிழந்தனர். நம்மைப் போல் படிக்க வந்த பிள்ளைகள், நண்பர்களே! மலையில் விதியை வளைத்த ஒரு கையெழுத்தில் தொடங்கிய விவகாரம் எங்கே வந்து முடிந்தது பாருங்கள்.

விதியை மீறி விருந்தினரைச் சேர்த்தால் வருமானம் பெருகும் என்பதும் பொய். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் தாங்க முடியாத அளவுக்குப் பெருகியதால், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கும் அளவுதான் சுற்றுலாவின் முதல்.

சின்ன ஊரும் பெரிய நாடும்

சிங்கப்பூர் நம் கோவை மாவட்டத்தைவிடப் பரப்பில் சிறியது. குடிக்கும் தண்ணீருக்கும் அண்டை நாட்டை நாடியிருந்த ஊர். அங்கே லஞ்ச ஒழிப்புக்கென்றே 1952ல் தனி அமைப்பு வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் உலக ஊழல் மதிப்பீட்டுப் பட்டியலில், 180 நாடுகளில் சிங்கப்பூருக்கு மூன்றாம் இடம். இந்தியாவுக்கு 96ஆம் இடம். மலையும் கடலும் கோயிலும் நம்மிடம்தான் அதிகம். குறைவாக இருப்பது நம்பிக்கைதான்.

நம் கையில் இருப்பது

"குடுத்தாத்தான் வேலை நடக்கும், என்ன பண்றது?" என்பார்கள். பண்ணலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. பத்து ரூபாய் கட்டி, நம் தெரு ரோட்டின் எஸ்டிமேட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்துக்குப் பயந்து கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைக் காக்கும். லஞ்ச ஒழிப்புத் துறையினர் நோட்டில் தடவும் பொடி என்ன தெரியுமா? முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் நாம் சொட்டுச் சொட்டாக விட்ட பினாப்தலீன்தான்! வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

நண்பர்களே, இன்னும் சில வருடங்களில் நம்மில் பலர் சைட்டில் டேப் பிடிப்போம். ரோட்டின் கனத்தை அளந்து எம்.புக்கில் எழுதி, முதல் கையெழுத்துப் போடுவோம். மேலே போகிற ஃபைல் எல்லாம் அந்த முதல் அளவை நம்பித்தான் நகரும். மூன்றரையை ஐந்து என்று எழுதச் சொல்லி ஒருவர் நம் சட்டைப் பையில் கவர் வைக்க வரும் நாள் கட்டாயம் வரும். அன்று மூன்றரையை மூன்றரை என்றே எழுதுவோம்!