போன இடத்தில் படிச்சது கணக்கில் வருமா?

நம்ம இதழ்ல வழக்கமா பிராஜெக்ட், பிளேஸ்மென்ட், ஹாஸ்டல் மெஸ்னுதான் எழுதுவோம். இந்தத் தடவை கொஞ்சம் தூரமா, ஐரோப்பா வரைக்கும் போயிட்டு வரலாம். விசா எல்லாம் வேண்டாம், பொறுமையா படிச்சா போதும்.

முதல்ல ஒரு கேள்வி. ஐந்தாம் செமஸ்டரை மட்டும் வேற நாட்டுப் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு, ஆறாம் செமஸ்டருக்கு நம்ம வகுப்புக்கே திரும்பி வரலாம்னு யாராவது சொன்னா, உங்களுக்கு என்ன தோணும்? நான் என் ரூம்மேட்ஸ்கிட்ட கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன், "செலவு யாருடா தருவா?"ன்னான். இன்னொருத்தன், "திரும்பி வந்து அந்த செமஸ்டர் பேப்பரை எல்லாம் அரியர் மாதிரி எழுதணுமா?"ன்னான்.

ரெண்டுமே நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' என்ற திட்டம் இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லத்தான் முயற்சி செய்யுது. 1987 முதல் இதுவரை ஒன்றரைக் கோடிக்கும் மேலானவர்கள் இதில் பங்கெடுத்திருக்காங்க. இந்தக் கட்டுரையில் நாம முக்கியமா பார்க்கப் போறது ரெண்டாவது கேள்வியை. ஏன்னா இந்தத் திட்டம் பிறந்ததே அந்தக் கேள்வியில் இருந்துதான்.

ரோமில் ஒரு அவமானம்

சோஃபியா கொர்ராடி இத்தாலியைச் சேர்ந்தவர். ரோமில் உள்ள சபியென்ஸா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதுகலைச் சட்டப் படிப்பையே முடித்துவிட்டு 1958-ல் ரோம் திரும்பினார். "நான் அங்கே எழுதிய தேர்வுகளை என் இத்தாலியப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. மறுத்ததோடு விடாமல், மற்றவர்கள் முன்னால் திட்டியும் அனுப்பியது. மீதித் தேர்வுகளை ரோமில் எழுதித்தான் அவர் பட்டம் வாங்க வேண்டியிருந்தது.

கவுன்டர்ல நின்னு திட்டு வாங்கின அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ரெண்டு நாள் புலம்பிட்டு விட்டுடுவோம். கொர்ராடி விடலை. கல்வித் துறையில் ஆய்வாளராகி, 1969-ல் ஒரு முன்மொழிவைத் தயாரித்தார். மாணவர்கள் வெளிநாட்டில் கொஞ்ச காலம் படிக்கலாம், அங்கே படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1976-ல் ஐரோப்பிய சமூகம் பல்கலைக்கழகங்களுக்கு இடையே கூட்டுப் படிப்புகளைச் சிறிய அளவில் தொடங்கியது. 1987 ஜூன் மாதம் எராஸ்மஸ் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முதல் வருடம் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் கிளம்பினார்கள். கொர்ராடியை ஐரோப்பாவில் 'மம்மா எராஸ்மஸ்' என்றே அழைப்பார்கள்.

முன்மொழிவில் இருந்து முதல் மாணவன் ரயில் ஏறும் வரை 18 வருஷம். நம்மில் பலருக்கு வயசே இன்னும் அவ்வளவுதான்.

கிரெடிட் என்றால் என்ன?

பல்கலைக்கழகங்கள் மறுப்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. வேற நாட்டில், வேற மொழியில், வேற சிலபஸில் படித்ததை எந்த அளவுகோலால் அளப்பது? அதற்காக 1989-ல் சோதனை முறையில் ஒரு பொது அளவுகோல் வந்தது. அதன் பெயர் ஐரோப்பிய கிரெடிட் பரிமாற்ற முறை, சுருக்கமா இ.சி.டி.எஸ்.

நமக்குத்தான் கிரெடிட் தெரியுமேன்னு நினைப்பீங்க. இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நம்ம கணக்கில், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புன்னா ஒரு கிரெடிட், ரெண்டு மணி நேர லேப்னா ஒரு கிரெடிட். அதாவது வகுப்பு நேரத்தை வைத்து எண்ணுகிறோம். இ.சி.டி.எஸ். எண்ணுவது மாணவர் போடும் மொத்த உழைப்பை. வகுப்பு, லேப், அசைன்மென்ட், நூலகத்தில் உட்கார்ந்தது, தேர்வுக்கு முந்தின ராத்திரி கண் முழிச்சது எல்லாமே அதில் சேரும். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேரமாகப் படிக்கும் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 6 கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேரம். அதில் வகுப்பு 60 மணி நேரம்னு வச்சுக்கிட்டா, மீதி 90 முதல் 120 மணி நேரம் நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டியது.

நம்ம பி.இ.க்கு ஏறக்குறைய 160 கிரெடிட். ஐரோப்பாவில் நாலு வருஷப் படிப்பு என்றால் 240. இதைப் பார்த்து "அப்போ நாம கம்மியாதான் படிக்கிறோமா?"ன்னு கேட்கக் கூடாது. அளக்கிற பொருளே வேற. கிலோமீட்டரையும் மைலையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியுமா?

கிளம்பும் முன்பே கையெழுத்து

இப்போ ஒரு உதாரணம். போர்த்துகலில் கோயம்ப்ரா என்று ஒரு ஊர் இருக்கு. (நம்ம கோயம்புத்தூர் இல்லை, ஆனா பேரைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது.) 1290-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அங்கே மெக்கானிக்கல் படிக்கும் ஒரு மாணவி, ஜெர்மனியின் ஆகன் நகரில் ஒரு செமஸ்டர் படிக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

படி ஒன்று: ரெண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால், போன இடத்தில் அவர் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

படி இரண்டு: 'கற்றல் ஒப்பந்தம்' என்ற தாள். இந்தத் திட்டத்தின் இதயமே இதுதான். அதில் முக்கியமா ரெண்டு அட்டவணை. முதல் அட்டவணையில், ஆகனில் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று எழுத வேண்டும். இரண்டாவதில், அவை கோயம்ப்ராவில் எந்தப் பாடங்களுக்குப் பதிலாக ஏற்கப்படும் என்று எழுத வேண்டும். மாணவி, அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்துப் போடணும். இதெல்லாம் பெட்டி கட்டும் முன்பே நடக்க வேண்டியது.

படி மூன்று: போன பிறகு ஏதாவது ஒரு பாடம் நடக்கவில்லை, அல்லது ரெண்டு பாடம் ஒரே நேரத்தில் வருகிறது என்றால், ஆரம்ப வாரங்களுக்குள் ஒப்பந்தத்தைத் திருத்தலாம். அதற்கும் மூன்று கையெழுத்து வேண்டும்.

படி நான்கு: முடிவுகள் வெளியானதும் ஆகன் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும். பொதுவாக ஐந்து வாரங்களுக்குள் அனுப்பணும் என்பது விதி. தேர்ச்சி பெற்ற பாடங்களைக் கோயம்ப்ரா மறுபேச்சு இல்லாமல் ஏற்க வேண்டும். எராஸ்மஸில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இப்படி ஏற்பதாக ஒரு சாசனத்தில் உறுதி கொடுத்துவிட்டுத்தான் சேர முடியும்.

1958-ல் கொர்ராடி எல்லாம் முடிந்த பிறகு, தனியாளாகப் போய் கவுன்டரில் கேட்டார். இன்றைய மாணவி கிளம்பும் முன்பே, கையெழுத்துப் போட்ட தாளோடு போகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அது பெரிய வித்தியாசம்.

நடைமுறையில் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகுமா? போகாது. "அந்தப் பாடமும் என் பாடமும் ஒன்றா?" என்று இழுக்கிற பேராசிரியர்கள் அங்கேயும் உண்டு. அப்போது மாணவியிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

மார்க்கை எப்படி மாற்றுவது?

அடுத்த சிக்கல் மார்க். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். போர்த்துகலில் 20-க்கு மார்க், 10 எடுத்தால் பாஸ். இத்தாலியில் 30-க்கு, 18 எடுத்தால் பாஸ். 1.3 வாங்கிய மாணவி வீட்டுக்கு போன் பண்ணி "நல்லா பண்ணியிருக்கேன்"னு சொன்னா, அம்மா நம்பவா போறாங்க?

வெறும் சதவீதக் கணக்கு இங்கே உதவாது. சில இடங்களில் 20-க்கு 18 என்பது அபூர்வம், சில இடங்களில் உச்ச மார்க் சாதாரணமாகவே கிடைக்கும். அதனால் மதிப்பெண் பரவல் அட்டவணையைப் பயன்படுத்துவார்கள். எந்த மதிப்பெண்ணை எத்தனை சதவீத மாணவர்கள் வாங்குகிறார்கள் என்று ரெண்டு பல்கலைக்கழகமும் வெளியிடும். மாணவி ஆகனில் மேல் 10 சதவீதத்தில் இருந்தால், கோயம்ப்ராவில் மேல் 10 சதவீதத்துக்கு எந்த மார்க்கோ அது அவருக்கு. புள்ளியியல் பேப்பரில் படிச்ச பெர்சென்டைல்தான், வேற ஒண்ணும் இல்லை.

பட்டறைக்கும் பயணம் உண்டு

எராஸ்மஸ்னா பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும்னு நினைக்காதீங்க. கைத்தொழில் கற்க ஊர் ஊராகப் போவது அங்கே பழைய வழக்கம். ஜெர்மனியில் தச்சர், கொத்தனார், கூரை வேய்பவர் போன்றோர் பயிற்சி முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பும் மரபு இன்றும் இருக்கிறது. மூன்று வருடமும் ஒரு நாளும் வெளியே இருக்க வேண்டும். சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வரக் கூடாது. கையில் ஒரு பயணக் குறிப்பேடு இருக்கும். போன ஊரின் முத்திரையும், வேலை கொடுத்தவரின் சான்றும் அதில் சேர்ந்துகொண்டே வரும்.

இன்றைய திட்டத்திலும் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு. 1995-ல் 'லியோனார்டோ டா வின்சி' என்ற பெயரில் தனித் திட்டமாகத் தொடங்கியது, 2014-ல் 'எராஸ்மஸ் பிளஸ்' என்ற ஒரே குடைக்குள் வந்தது. நம்ம ஐ.டி.ஐ. மாணவர் போன்ற ஒருவர் 10 நாள் முதல் 89 நாள் வரை குறுகிய பயிற்சிக்கும், 90 நாள் முதல் ஒரு வருடம் வரை நீண்ட பயிற்சிக்கும் வேறு நாட்டுக்குப் போகலாம். அங்கே என்ன கற்றார் என்பது 'யூரோபாஸ் மொபிலிட்டி' என்ற ஆவணத்தில் பதிவாகும். அந்தப் பழைய குறிப்பேட்டின் பேரப்பிள்ளைன்னு சொல்லலாம்.

பல்கலைக்கழக மாணவர்கள் நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் போனாலும் இதே கதைதான். என்ன வேலை, எத்தனை வாரம், யார் வழிகாட்டி, என்ன கற்க வேண்டும் என்று முன்பே எழுதி, நிறுவனமும் கையெழுத்துப் போடும். இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வலிச்சது. மூன்றாம் வருஷ லீவில் நான் செய்த ஆறு வார இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட், எந்தக் கணக்கிலும் சேராமல் ஃபைலில் தூங்குது. என்ன கத்துக்கிட்டேன்னு அதில் ஒரு வரிகூட இல்லை.

பணமும், போக முடியாதவர்களும்

இப்போ முதல் ரூம்மேட்டின் கேள்விக்கு வருவோம். 2021 முதல் 2027 வரையிலான எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு ஏறக்குறைய 2,600 கோடி யூரோ ஒதுக்கியிருக்காங்க. மாணவருக்கு மாதாமாதம் கணக்கிட்டு உதவித்தொகை கிடைக்கும். போகும் நாட்டின் விலைவாசியைப் பொறுத்து அது மாறும். ஆனா அது முழுச் செலவுக்கான பணம் இல்லை, கூடுதல் செலவில் ஒரு பங்குதான். வீட்டு வாடகை அதிகமான நகரத்துக்குப் போனால் மீதியைக் குடும்பம்தான் போடணும்.

அதனால்தான் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே இது அதிகம் பயன்படுகிறது என்ற விமர்சனம் நீண்ட காலமாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய, வாய்ப்புக் குறைந்த பின்னணியில் இருந்து வரும் மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகத் தருகிறார்கள். நீண்ட காலம் வெளியே இருக்க முடியாதவர்களுக்கு 5 முதல் 30 நாள் வரை நேரில் போய், மீதியை ஆன்லைனில் முடிக்கும் வழியும் உண்டு. வீட்டில் யாரையாவது கவனிக்க வேண்டியவர்கள், பகுதிநேர வேலையை விட முடியாதவர்கள் எல்லாருக்கும் இது ஒரு கதவு.

இன்னொரு தடை அரசியல். சுவிட்சர்லாந்தில் 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி மக்கள் வாக்களித்தார்கள். அதன் பின்விளைவாக அந்த நாடு எராஸ்மஸ் பிளஸில் முழு உறுப்பினராகச் சேர முடியாமல் போய், சொந்தச் செலவில் மாற்றுத் திட்டம் நடத்த வேண்டியதாயிற்று. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் 2021-ல் தொடங்கிய சுற்றில் சேராமல், 'டூரிங் திட்டம்' என்று தனியாக ஆரம்பித்தது. பெரியவங்க போடுற ஓட்டு, ஒரு மாணவனோட செமஸ்டரை மாத்திடுது பாருங்க.

நமக்கு இதில் என்ன?

ஒரு நேரடி வழி இருக்கு. 2004-ல் தொடங்கிய 'எராஸ்மஸ் முண்டஸ்' கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு உலகின் எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது ரெண்டு நாடுகளில் படிக்க வேண்டும். தேர்வானால் இப்போதைய சுற்றில் மாதம் 1,400 யூரோ உதவித்தொகை, கல்விக் கட்டணமும் கிடையாது. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பக் காலம். இறுதி வருஷ மக்கள் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

போகாதவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. நீங்க படிச்சதை இன்னொருத்தர் அளக்கணும்னா, அவர் கையில் ஏதாவது இருக்கணும். அதனால் இன்னைக்கே மூணு வேலை செய்யுங்க. ஒவ்வொரு செமஸ்டர் சிலபஸையும், பாட நேரம், கிரெடிட், லேப் விவரத்தோட பத்திரமா சேமிச்சு வையுங்க. இன்டர்ன்ஷிப் சேரும் முன்பே, என்ன கத்துக்கப் போறீங்கன்னு ஒரு பக்கம் எழுதி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்க. வெளியே ஏதாவது கோர்ஸ் படிக்கப் போறீங்கன்னா, அது கணக்கில் வருமான்னு ஹெச்.ஓ.டி.கிட்ட முன்னாடியே கேளுங்க, பதிலை எழுத்தில் வாங்குங்க.

நான் மூணாவது வருஷத்துல இதைச் செய்யலை. ஜூனியர்ஸ், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.